தைக் கொழுந்து

போடிச் சந்தையில் இலை என்று கேட்டால் வாழையிலையை எடுத்து நீட்டுவார்கள். வாய் சிவந்த ஆளாக இருந்தால் வெற்றிலையை நீட்டுவார்கள். குரங்கணி தாண்டி மேலே ஏறிவிட்டால் இலை என்பது ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பெயர்கூடச் சொல்ல மாட்டார்கள். "இலை வந்திருச்சா?", "இன்னிக்கு இலை ஈரம்", "இந்த வாரம் இலை கம்மி." தேயிலை என்று முழுசாகச் சொன்னால் ஆள் மலைக்குப் புதுசு என்று தெரிந்துவிடும்.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு நாலைந்து வருடம் முந்தி, சிலமலையிலிருந்து வீரணனும் அவன் பெண்டாட்டி மூக்கம்மாளும் அப்படிப் புதுசாகத்தான் ஏறிப் போனார்கள். இரண்டு வருடமாகக் கம்பும் சோளமும் கதிர் பிடிக்கும் முன்னே கருகிவிட்டன. மூக்கம்மாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் பால்சாமி மலையில் கங்காணி. கொழுந்து எடுக்கும் பெண்களை மேய்ப்பது அவன் சோலி. அவன்தான் கூட்டிப் போனான்.

முதல் நாள் செடியடியில் நிறுத்திப் பாடம் சொன்னான்.

"இங்க பாரு ஆத்தா. உச்சியில ஒரு மொட்டு, அதுக்குக் கீழ ரெண்டு இலை. இதுதான் கொழுந்து. இதுக்குக் கீழ இருக்கதெல்லாம் கரடு. தொடப்படாது."

"எங்கூர்ல கரடுன்னா கல்லுக் குன்றுல்லண்ணே?" என்று மூக்கம்மாள் சிரித்தாள். "ஆடு மேய்க்கப் போவோம்."

"இங்க கரடுன்னா முத்துன இலை. சிரிக்காத. ஒரு கை கரடு விழுந்தா ஒரு பெட்டி பாழாப் போயிரும். விசம் மாதிரி ஆத்தா. எடை போடற கொட்டகையில என் கண்ணுல பட்டுச்சு, தங்கச்சின்னும் பாக்க மாட்டேன், கூடைய அப்படியே கவுத்துருவேன்."

சொன்னபடியே செய்தான். முதல் மாதத்தில் ஆறு தடவை கவிழ்த்தான். அத்தனை பெண்களுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கரட்டு இலையைப் பொறுக்கி வெளியே எறிந்தாள் அவள். ஆறாவது தடவைக்குப் பிறகு கை பழகிவிட்டது. கண் பார்ப்பதற்கு முன்னே விரல் மொட்டைத் தேடிப் போய்க் கிள்ளிவிடும். 'கொழுந்துன்னா மூக்கம்மா கூடைதான்' என்று அதே பால்சாமி மற்றப் பெண்களைத் திட்டும்போது சொல்ல ஆரம்பித்தான். அவளுக்கு அதில் ஒரு பெருமை.

வீரணனுக்குப் பாக்டரியில் சோலி. பகலில் கிள்ளி வந்த கொழுந்தை மாடியில் சாக்குப் படுதாவில் பரப்பி வாட்டுவார்கள். வாடியதை உருட்டு மெஷினில் போட்டு நசுக்கி, செம்புக்காசு நிறம் வரும்வரை ஈரத் தரையில் கிடத்துவார்கள். அதன் பிறகு உலை. உலைக்கு விறகு போடுவதும் சூடு பார்ப்பதும் வீரணன் வேலை. விளக்கு வைத்து உள்ளே போனால் விடிந்துதான் வெளியே வரலாம். காலடியில் வெதுவெதுப்பு, மூக்கில் இனிப்பு வாசம். சொக்காத கண்ணும் சொக்கும். கண் அசந்தால் இலை தீய்ந்துவிடும். இரண்டு தடவை தீய்த்தவனை மூன்றாம் தடவை உள்ளே விடமாட்டார்கள்.

ஒருநாள் தூக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, வாடின மொட்டு ஒன்றைச் சும்மா வாயில் போட்டு மென்றான். துவர்த்துக் கசந்தது. துப்பிவிட்டான். ஆனால் கொஞ்ச நேரத்தில் கண் பளிச்சென்று திறந்துகொண்டது. விடியும்வரை மூடவில்லை. அன்றிலிருந்து அவன் மொட்டு மெல்லாத நாளில்லை.

வீரணன் எதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு நம்புகிறவன் இல்லை. ஒருநாள் மொட்டை மட்டும் மென்றான். மறுநாள் முதல் இலையை. அதற்கு மறுநாள் இரண்டாவதை. மொட்டில் இருந்த வீரியம் கீழே போகப் போகக் குறைந்தது. கரட்டு இலையை வாய் நிறைய மென்றாலும் தாடைதான் வலித்தது, தூக்கம் வந்துகொண்டேதான் இருந்தது. வெயில் சரிவிலிருந்து வந்த கொழுந்து நாக்கைச் சுருட்டிப் பிடிக்கும்படி துவர்க்கும். ஓடையோரத்து மர நிழலில் வளர்ந்ததில் துவர்ப்பு கம்மி, பின்னால் லேசாக ஒரு தித்திப்புகூட வரும். ஆனால் அதைத் தின்ற அன்றைக்குத்தான் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். ஆடி மழையில் எட்டு நாளில் விறுவிறுவென்று ஏறிவிடுகிற கொழுந்து வெறும் தண்ணீர். நாலு மென்றாலும் கண் சொக்கும். தை மாதக் குளிரில் இருபது நாளுக்கு மேல் முக்கி முனகி, சிட்டுக்குருவி நாக்கு அளவுக்கு எட்டிப் பார்க்கும் ஒரு மொட்டு. அது ஒன்று போதும்.

அன்றைக்கு வயிறு காலியாக இருந்ததால் அப்படித் தோன்றியதோ என்று பல நாள் சந்தேகம் வரும். மறுபடி மென்று பார்ப்பான். நாலு வருடத்தில் அநேகமாக எல்லாச் சரிவும் எல்லா மாதமும் அவன் நாக்குக்குத் தெரிந்துபோயின.

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. பாக்டரியில் ஒரு மொட்டை வாயில் போட்டாலும் அது களவு. கம்பத்து ஆள் ஒருவன் மடியில் ஒரு பிடி கட்டியிருந்ததற்காகப் பெண்டாட்டி பிள்ளைகளோடு மலையை விட்டே இறக்கிவிடப்பட்டான். பெண்டாட்டியிடம் சொன்னால் லயத்துக்கே சொன்ன மாதிரி. ஒரு கூரைக்குக் கீழே பத்து வீடு, நடுவில் மறைப்பு ஆளுயரம்தான்.

அவர்கள் மகள் முனியாயி அந்த லயத்தில்தான் பிறந்தாள். தவழும்போதே கூடைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்வாள். ஒரு வயது முடிந்த ஆடி மாதம் அவளுக்கு வயிற்றால் போனது. கொழுந்து எடுக்கிற இடத்தில் மருந்து என்று எதுவும் இல்லை. கீழே ஊரில் இருந்தால் கொய்யாக் கொழுந்தோ மாதுளங்கொழுந்தோ கிள்ளி அவித்துக் கொடுத்திருப்பாள் மூக்கம்மாள். பிஞ்சு வயிற்றுக்குப் பிஞ்சு இலை என்பது சிலமலையில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த கணக்கு. இங்கே கொய்யாவும் இல்லை, மாதுளையும் இல்லை. துவர்க்கிற கொழுந்து என்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் ஒன்றுதான் இருந்தது. ஏழெட்டு மொட்டை முந்தியில் முடிந்து கொண்டுவந்து, அவித்து, வடிகட்டி ஒரு சங்கு புகட்டினாள். இரண்டே நாளில் நின்றுவிட்டது.

"நம்ம கொழுந்துதான் மாமா," என்று காலையில் வந்த வீரணனிடம் சொன்னாள். "வீட்டைச் சுத்தி மருந்த வச்சுக்கிட்டு நானும் நாலு வருசமா அதக் கிள்ளிக் கிள்ளிக் கங்காணிக்குக் குடுத்துக்கிட்டிருக்கேன் பாரு!"

வீரணன் கேப்பைக் களியை உருட்டிக்கொண்டிருந்தான். சொல்ல வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. ஆடிக் கொழுந்துதானே, பச்சைத் தண்ணீர் மாதிரி என்று அடுத்த நினைப்பு வந்தது. எப்படித் தெரியும் என்று கேட்பாள் என்பது மூன்றாவதாக வந்தது.

"சரி சரி, சத்தமாச் சொல்லாத," என்றான். "களவுன்னு சொல்லப் போறாய்ங்க." படுத்ததும் தூங்கிப் போனான்.

அடுத்த தை மாதம் மலையில் உறைபனி விழுந்தது. விடிந்து பார்த்தால் பள்ளத்துச் செடியெல்லாம் உப்புப் பூத்த மாதிரி வெள்ளை. வெயில் ஏறினதும் அத்தனையும் வெந்து கறுத்துவிட்டது. ஓடையோரம் மர நிழலில் நின்ற ஏழெட்டு வரிசைதான் தப்பியது. லயத்தில் வயிற்றுப்போக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். மூலை வீட்டில் ஒரு கிழவர் போனார். மூன்றாம் நாள் முனியாயிக்குக் கண்டது.

மூக்கம்மாள் பதறவில்லை. ஓடையோரத்தில்தான் அன்றைக்குக் கொழுந்து. நல்லதாகப் பார்த்து, மொட்டு மொட்டாகக் கிள்ளினாள். ஒரு முத்தல் இலைகூடச் சேரவில்லை. அவித்துக் கொடுத்தாள். நிற்கவில்லை. மறுநாள் இரண்டு பங்கு போட்டுக் கொடுத்தாள்.

அந்த மூன்று நாளும் வீரணன் வீட்டுக்கு வரவில்லை. உலையின் இரும்புத் தட்டு விரிசல் விட்டு, அதைச் சரிசெய்கிற ஆளோடு அங்கேயே கிடந்தான். பிள்ளைக்குச் சுகமில்லை என்று சேதி வந்தபோதுகூட, பெண்டாட்டி பார்த்துக்கொள்வாள் என்றுதான் இருந்தான். நாலாம் நாள் விடிகாலை வந்து கதவைத் திறந்தான்.

முனியாயி தாய் மடியில் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. கண் மட்டும் அகலத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கை விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. குளிரில் நடுங்குவது அப்படி இருக்காது. அந்த நடுக்கத்தை அவன் தன் கையில் எத்தனையோ விடியலில் பார்த்திருக்கிறான்.

"உறங்கினாளா?"

"எங்க உறங்குறா? மூணு நாளாக் கண்ணக் கொட்டல மாமா. அப்படியே முழிச்சுக்கிட்டுக் கெடக்கா. அழக்கூட மாட்டேங்குறா."

"என்ன குடுத்த?"

"கொழுந்துதான். அன்னிக்கு நின்னுச்சுல்ல? இப்பக்கூட ஒரு சங்கு குடுத்தேன். ஓடையோரத்துக் கொழுந்து மாமா, மொட்டாப் பாத்து எடுத்தது. தொரைக்குக்கூட அப்படி எடுத்ததில்ல."

வீரணன் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு மூலையில் கிடந்த கம்பளியை உருவினான்.

"இனி ஒண்ணும் குடுக்காத. கெளம்பு. போடிக்குக் கொண்டு போவோம்."

குரங்கணிப் பாதையில் இறங்கினார்கள். தேயிலைப் பெட்டிகள் தலைக்கு மேலே கம்பியில் தொங்கிக்கொண்டு சுகமாகக் கீழே போய்க்கொண்டிருந்தன. மனிதருக்கு நடைதான். வீரணன் பிள்ளையைக் கம்பளியில் சுற்றி நெஞ்சோடு கட்டியிருந்தான். அவள் நெஞ்சு அடிப்பது தன் நெஞ்சில் தட்டியது. பெல்ட்டு நழுவின மெஷின் வெறுமனே கிடுகிடுவென்று சுற்றுமே, அந்த மாதிரி. பின்னால் மூக்கம்மாள் பேசிக்கொண்டே வந்தாள்.

"போடியில அந்தக் கோட்டை வைத்தியர் இருக்காருல்ல மாமா?"

"இருப்பாரு."

"ஒரு பொட்டலத்துல கேக்கும்னு சொல்லுவாக."

"கேக்கும். வெரசா வா."

ஏலக்காட்டு நிழல் முடிந்து வெயில் உறைக்கத் தொடங்குகிற இடத்தில் அவன் நடை மெதுவானது. பிறகு நின்றான். மூக்கம்மாள் முன்னால் வந்து கம்பளியை விலக்கிப் பார்த்தாள்.

"உறங்கிட்டா பாரு மாமா," என்றாள். "அப்பாடி, இப்பத்தான் உறங்குறா."

பிள்ளையின் கண் மூடவில்லை, திறந்துதான் இருந்தது. அவளும் ஒரு கணம் கழித்து அதைப் பார்த்தாள்.

குரங்கணி ஆற்றங்கரை ஓரமாகப் புதைத்தார்கள். ஊர்க்காரர் ஒருவர் மண்வெட்டி கொடுத்தார். நரி தோண்டாமலிருக்க வீரணன் கல் சுமந்து போட்டுக்கொண்டே இருந்தான். போதும் அப்பு என்று அவர் சொன்னபிறகும் போட்டான்.

துக்கம் கேட்க வந்த பெண்களிடமெல்லாம் மூக்கம்மாள் ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள். "எங்கையில இருந்ததுலயே ஒசந்ததத்தான் குடுத்தேன் ஆத்தா. கொழுந்து கொழுந்தாப் பாத்துக் குடுத்தேன். அவளுக்கு ஆயுசு அம்புட்டுத்தான்." அதைச் சொல்லும்போது அவள் அழுகை கொஞ்சம் அடங்கும். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து கஞ்சி குடித்தாள், மறுபடி கூடை மாட்டினாள். வீரணன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்த நோயில் கொழுந்து குடிக்காத பிள்ளைகளும் லயத்தில் இரண்டு போயிருந்தன. முனியாயியை எது கொண்டுபோனது? நோயா, இலையா? எந்தச் சரிவில், எந்த மாதத்தில் மென்று பார்த்து இதைத் தெரிந்துகொள்வது?

அவன் மொட்டு மெல்லுவதை விட்டுவிட்டான். மாசியில் ஒரு தடவை இலை தீய்ந்தது. பங்குனியில் இரண்டாம் தடவை. வெளியே அனுப்பிவிட்டார்கள். கவாத்துக் கத்தியைக் கையில் கொடுத்து, செடி வெட்டுகிற கூட்டத்தில் சேர்த்தார்கள்.

"உலையடியில ராசா மாதிரி கெடந்த ஆளு, இப்படியா மாப்ளே குளிருல வந்து நிப்ப?" என்றான் பால்சாமி.

"தூக்கம் வருது மச்சான்."

"பொண்டாட்டிக்காரி உறங்க விடலயாக்கும்!" என்று சிரித்துவிட்டு, நினைவு வந்தவன் போல வாயை மூடிக்கொண்டான்.

ஆடி பிறந்தது. ஒரு வாரமாக விடாத சாரல். வேலை நின்றுவிட்ட ஒரு பகலில், மறைப்புக்கு அந்தப் பக்கம் மருதாயி வீட்டில் பிள்ளை ஈனக்குரலில் அழுதது. ஏழு மாதக் கைப்பிள்ளை.

"என்னடி மருதாயி, உம்மகன் ராகம் போடுறான்?" என்று மூக்கம்மாள் கேட்டாள்.

"காலையிலருந்து நாலு தடவ போயிட்டான்க்கா. பச்சத் தண்ணியாப் போகுது. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"எதுக்குடி பயப்படுற? இந்தா வர்றேன். மருந்து வச்சிருக்கேன்."

பானைக்குப் பின்னாலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தாள். வீரணன் அதைப் பார்த்ததில்லை. அவிழ்த்தாள். உள்ளே சுருண்டு காய்ந்த மொட்டுகள், இரண்டு கைப்பிடி இருக்கும்.

"ஏது இது?" என்றான்.

"நம்ம கொழுந்துதான் மாமா. காய வச்சேன்."

இப்போது ஆடி. ஆடிக் கொழுந்தாக இருந்தால் பேசாமல் இருந்துவிடலாம். அவன் கைநீட்டி ஒன்றை எடுத்தான். இத்தனை மாதம் கழித்து ஒரு மொட்டைப் பல்லில் வைத்துக் கடித்தான். துவர்ப்பு கொஞ்சமாகத்தான் வந்தது. பின்னாலேயே அந்தத் தித்திப்பு வந்தது.

"எப்ப எடுத்தது?"

"அவளுக்கு எடுத்ததுல மிச்சம்," என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "தூரப் போட மனசு வரல. இன்னொண்ணு பெறந்தா ஆகும்னு வச்சிருந்தேன். மருதாயி புள்ளைக்குத்தான் குடுத்து வச்சிருக்கு." முடிச்சோடு எழுந்தாள்.

"குடுக்காத."

"என்னது?"

"அதக் குடுக்காத மூக்கு. சோத்துத் தண்ணியில உப்புப் போட்டுக் குடுக்கச் சொல்லு. அது வேண்டாம்."

"ஏன், களவுன்னு பயமா? மழையில எந்தக் கங்காணி வரப்போறான்?"

"அது தைக் கொழுந்து. ஓடையோரத்துது." மறைப்புக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. "உறக்கத்தக் கொன்னுரும். நெஞ்சு தெறிக்கும். பெரிய ஆளுக்கே ஒண்ணு போதும். கரட்டு இலைன்னாக்கூட ஒண்ணும் செய்யாது. கொழுந்துலதான் இருக்கு அம்புட்டு வீரியமும். மொட்டுல."

மூக்கம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"மென்னுருக்கேன். உலையடியில. தூக்கம் வராம இருக்க."

"எத்தன நாளா?"

"நாலு வருசமா."

அவள் கணக்குப் போடுவது அவனுக்குத் தெரிந்தது. போன ஆடியில் களி உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலை அவளுக்கு நினைவு வரும். விடியலில் வந்து, 'என்ன குடுத்த' என்று கேட்டது நினைவு வரும்.

"அப்ப அன்னிக்கு ஒனக்குத் தெரியும்."

"இலையாலதான்னு எனக்குத் தெரியாது மூக்கு. சத்தியமாத் தெரியாது. நோயாலயும் இருக்கும். தெரியல."

அவள் கத்துவாள் என்று நினைத்தான். அடிப்பாள் என்று நினைத்தான். அவள் மறைப்பின் பக்கம் திரும்பி, "மருதாயி, சோத்துத் தண்ணியில உப்புப் போட்டு ஆத்திக் குடுடி. கொஞ்சங் கொஞ்சமாக் குடு," என்று சாதாரணக் குரலில் சொன்னாள். பிறகு முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மொட்டாக எடுத்துப் பார்த்தாள். ஒரு முத்தல் இலையாவது கலந்திருக்கிறதா என்று தேடுகிற மாதிரி இருந்தது. இருட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மருதாயி பிள்ளை மூன்று நாளில் தேறிக்கொண்டது. சோற்றுத் தண்ணியால் தேறியதா, தானாகவே தேறியதா, அதுவும் வீரணனுக்குத் தெரியவில்லை.

மழை விட்ட அன்று எல்லோரும் வேலைக்குப் போனார்கள். மதியம் எடை போடுகிற கொட்டகையில் சத்தம் கேட்டு, கவாத்துக் கத்தியோடு வீரணன் சரிவில் நிமிர்ந்து பார்த்தான். பெண்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் மூக்கம்மாளின் கூடை கவிழ்ந்து கிடந்தது. குவிந்திருந்தது அத்தனையும் கரும்பச்சையாக, தடித்து, விறைத்த இலை. பேருக்கு ஒரு மொட்டு இல்லை.

"என்ன ஆத்தா இது?" பால்சாமி தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தான். "கண்ணு அவிஞ்சு போச்சா? ஒங்கூடையிலயா இப்படி? பூராம் கரடுல்ல!"

"இருக்கட்டும்ண்ணே," என்றாள் மூக்கம்மாள். "இதுதான் ஒண்ணும் செய்யாதாம்."

"என்ன ஒளறுற? பொறுக்கி எறி. வெரசாப் போயி நல்ல கொழுந்தா எடுத்துக் கொண்டா. மொத நாளு சொல்லிக் குடுத்தது மறந்து போச்சா?"

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சிதறிய இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கைக்குழந்தைக்குத் துணி போர்த்துகிற நிதானத்தோடு கூடைக்குள் வைத்தாள். ஒன்றையும் எறியவில்லை. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடையோர வரிசைக்குள் இறங்கினாள்.

வீரணன் பார்த்துக்கொண்டே நின்றான். செடியின் உச்சியில் ஆடி மழைக்கு ஏறிய கொழுந்து இளம்பச்சையாக அசைந்துகொண்டிருந்தது. அவள் கை அதை விலக்கிவிட்டு, உள்ளே, அடி இலையைத் தேடிப் போயிற்று.